அஸ்ராவின் வாயில் இருக்கும் இங்கிலீஷ்

சீகிரியா
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஸஹ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் மருமகனையும் பேத்தி அஸ்ராவையும் இங்கிலாந்துக் குளிரில் அல்லாஹ் நல்லபடியாக வைத்திருக்கட்டும். உம்மா சுகம். வாப்பாவுக்கான இத்தா, நாலு மாதம் பத்து நாள், முடியும்வரை வீட்டை விட்டு வெளியே போவதில்லை. சாமான்கள் எல்லாம் பக்கத்து வீட்டு றிஸ்மியா வாங்கித் தருகிறாள். இந்தக் கடிதத்தையும் அவள்தான் போனில் படம் பிடித்து அனுப்புவாள். வாயால் சொல்ல வந்தால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வாப்பா கண்ணை மூடி மௌத்தான நாளிலிருந்து அவர் ஓட்டின திரீவீல் முற்றத்தில்தான் நிற்கிறது. அவரோடு ஸ்டாண்டில் ஓடின ஷிஹாம், பட்டரி இறங்கிவிடும் என்று இடைக்கிடை வந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போகிறார். அந்தச் சத்தம் கேட்டதும் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்க எழும்பிவிடுகிறேன். பிறகுதான் நினைவு வருகிறது.

நேற்று நீ வீடியோ கோல் எடுத்தபோது போனைப் பிடித்தபடி குசினிப் படியில் இறங்கினேன். அஸ்ரா அதைப் பார்த்துவிட்டு, இஸ்லோலி உம்மும்மா, இஸ்லோலி என்றது. சீகிரியாக் கல் ஏற வருகிற வெள்ளைக்காரக் கிழவிகளைத் திரீவீலிலிருந்து மெதுவாக இறங்கச் சொல்லி உன் வாப்பா கை கொடுப்பாரே, அதே இழுப்பு. போன வருஷ லீவில் இங்கே வந்தபோது அவர் மடியில் இருந்து பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை சொல்லச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து நீ, இப்படிச் சொன்னால் ஸ்கூலில் சிரிப்பார்கள், ஒழுங்காகச் சொல் என்று அதட்டினாய். பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது.

நீ சொன்னதில் பிழையில்லை மகள். அங்கே போன புதிதில் உன் பேச்சைக் கேட்டுக் கடையில் சிரித்தார்கள் என்று அழுதாயே, அது எனக்கு மறக்கவில்லை.

அந்த லீவில் வாப்பாவின் இங்கிலீஷையும் நீ திருத்தினாய். அவர் கோபிக்கவில்லை. நம்மட இங்கிலீஷக் கேட்டு ஒரு வெள்ளைக்காரனும் வழி தவறினதில்ல ஸஜீதா என்று சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு நீ எடுக்கும்போதெல்லாம் அஸ்ராவுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனை என்னிடம் தந்துவிடுவார். பிள்ளைக்குத் தமிழ் வராது. அவருக்குத் தெரிந்ததோ அந்த இங்கிலீஷ்தான். ஏன் பேசாம இருக்கீங்க என்று கேட்டேன். நம்ம பேச்சு பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா மகளுக்குக் கரைச்சல் என்றார். ஒட்டிக்கொண்டது தெரியாமலே போய்விட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போட்டோ நிறைய இருக்கிறது. அவர் குரல் ஒன்றிலும் இல்லை. ஷிஹாமின் போனிலும் தேடிப் பார்த்தோம். ஸ்டாண்டில் எடுத்த ஒரு வீடியோவில் எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள், எந்தச் சிரிப்பு அவருடையது என்று பிரிக்க முடியவில்லை.

பிள்ளையை ஸ்கூல் எப்படியும் திருத்திவிடும். அந்த இழுப்பை என்னால் பிடித்துவைக்க முடியாது. அதுவரைக்கும் நீ திருத்தாதே. அடுத்த தடவை எடுக்கும்போது போனை அதன் கையில் கொடுத்துவிட்டு அங்காலே போய் ஏதாவது வேலையைப் பார். அது சொல்வது எனக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் வாப்பா அடங்கியிருக்கும் கபுரை அல்லாஹ் வெளிச்சமாக்கட்டும். உன் பிள்ளையின் நாவுக்கு பரக்கத் தரட்டும்.

துஆவுடன்,
உன் உம்மா ஸஜீதா