காய்கறி முகம்

லிங்கராஜபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்

என் அன்பு மகள் ஆஞ்சலாவுக்கு,

குழந்தை இயேசுவின் தயவால் நானும் உன் டாடியும் சுகம், வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சுகம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன். புதன்கிழமையிலிருந்து நீ எங்கள் போனை எடுக்கவில்லை. உன் கோபம் புரிகிறது, ஆனால் அது தப்பான ஆள் மேல். அதனால்தான் இதை எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கடைசி வரை படித்துவிட்டு கிறிஸ்துமஸுக்கு இங்கே வர எடுத்த டிக்கெட்டை கேன்சல் செய்வதா வேண்டாமா என்று முடிவு செய். டாடி குடிக்கவில்லை. நான் அழுதுகொண்டே அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என் அவசரப் புத்தி.

தவக்காலத்தில் குடியை விட்டதிலிருந்து சாயங்காலம் ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளாது, கேட் வரை போவார், திரும்பி வருவார், கை நடுங்கும். கோயில் ஹாலில் டீனா மிஸ் ஆயில் பெயிண்டிங் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு நான்தான் பிடித்துத் தள்ளினேன். அங்கே புதிதாகச் சேர்கிறவர்கள் இஷ்டத்துக்கு வரையக் கூடாதாம், இத்தாலியில் எந்தக் காலத்திலோ ஒரு பெரிய ஓவியர் வரைந்த படத்தைப் பார்த்து அப்படியே வரைய வேண்டுமாம். கிண்ணம் நிறைய காய்கறி, அவ்வளவுதான் படம். இதற்காக நம் டைனிங் டேபிளில் வெங்காயத்தையும் முள்ளங்கியையும் அடுக்கி வைத்துக்கொண்டு, சாம்பாருக்கு ஒன்றைத் தொட்டாலும் சண்டைக்கு வந்தார். முள்ளங்கி வதங்கி வாடை அடித்தது, நானும் பொறுத்துக்கொண்டேன், மனுஷன் வீட்டில் இருக்கிறாரே.

புதன்கிழமை அவர் பேக்கரிக்குப் போயிருந்தபோது வீட்டைக் கூட்டினேன். கட்டிலுக்கு அடியில் ஒரு குவார்ட்டர் பாட்டில், பாதி அளவுக்கு மஞ்சளாக. அந்த பாட்டிலை எனக்குத் தெரியாதா மகளே, அலமாரித் துணிக்கு நடுவிலிருந்து எத்தனை எடுத்திருக்கிறேன். எனக்கோ ஜலதோஷம், மூக்கு அடைத்துக் கிடந்தது. அப்படியே வாஷ்பேசினில் கொட்டிவிட்டு உனக்கு மெசேஜ் போட்டேன். அப்புறம் குழாயைத் திறந்து கழுவினால் போக மாட்டேன் என்கிறது, பிசுபிசுவென்று வழுக்குகிறது. அதற்குள் டாடி வந்துவிட்டார். காலி பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரொட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பெயிண்டில் கலக்கும் ஆளிவிதை எண்ணெயாம், மிஸ் கண்ணாடி பாட்டிலில் கொண்டுவரச் சொன்னாராம், நம் வீட்டில் சின்ன கண்ணாடி பாட்டில் என்றால் வேறு என்ன இருக்கும் என்று கேட்டார். அப்போதும் நான் நம்பவில்லை. மேல் வீட்டு டிரேவர் அங்கிளைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன், அவர் கிரிக்கெட் பேட்டுக்குத் தடவுகிற எண்ணெய் அல்லவா இது என்றார். அவர் போனதும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, உன்னிடமும் சொல்லிவிட்டேன் என்று டாடியிடம் அழுதேன்.

"கோவம் இல்ல டோரீன். நீ டெய்லி மோந்து பாரு. பாக்க ஆள் இருக்குன்னாதான் எனக்குத் தைரியம்," என்றார்.

பிறகு அந்தப் படத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். காய்கறி எங்கே போயிற்று, ஒரு கிழவன் முகம் பார்க்கிறது, முள்ளங்கி மூக்கு, வெங்காயக் கன்னம், கிண்ணம் தலையில் தொப்பி. அந்த ஓவியர் அப்படித்தான் வரைந்திருக்கிறாராம், எனக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை. மூக்கு மட்டும் நல்ல சிவப்பாகி விட்டது, குடித்த காலத்தில் கண்ணாடியில் பார்த்த மூக்காம். இரண்டு பேரும் சிரித்தோம், அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று. வெங்காயத்தின் மேல் அந்த மெல்லிய கோடுகளை நீ பார்க்க வேண்டும் ஆஞ்சி, கை நடுங்குகிறவன் போடுகிற கோடு இல்லை. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

குளிர் ஆரம்பித்திருக்கும், பிள்ளைக்குக் காது மூடித் தொப்பி போடு, நீயும் டியூட்டி டியூட்டி என்று சாப்பிடாமல் ஓடாதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்ணின் மணி போல் காப்பாராக. ஒன்றே ஒன்று, மறக்காதே. நீ வழக்கமாகக் கூப்பிடும் நேரம் வந்தால் டாடி பிரஷ்ஷைக் கீழே வைத்து, கையைச் சுத்தமாகத் துடைத்து, போனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். இன்றைக்கு என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிடு.

முத்தங்களுடன்,
உன் மம்மி
டோரீன் ஆம்ப்ரோஸ்