டிவியில நின்ன ரெண்டு மிஷின்

ஆவணி 3, திங்கள்
காலையில தூறல். மச்சானோட பனியன் கம்பெனி. ரெண்டாவது லைன்ல பழைய ஓவர்லாக் தையல் மிஷின் ரெண்டை அவிநாசிக்காரர் ஒருத்தருக்கு வித்தாச்சு. ஓடற மிஷினை அப்படியே வண்டியில ஏத்தினா ஆகாது. நிறுத்தி, பொட்டு வெச்சு, சூடம் காட்டணும். நானே காட்டினேன். ஜோதி ஆள் உசரம். அப்புறம் போன்ல மிஷின் லிஸ்ட்டைத் தொறந்து ரெண்டையும் டெலிட். படிச்சது எட்டாவது. இன்ஜினியரெல்லாம் எங்கிட்ட பிச்சை வாங்கணும்.

ஆவணி 6, வியாழன்
மேகம். முழங்கால் வலி. எந்த லைன்ல எத்தனை மிஷின் ஓடுதுன்னு சுவத்து டிவி காட்டும், நின்னா சிவப்பு. திங்கள்ல இருந்து ரெண்டாவது லைன் சிவப்பு. மச்சான் இறங்கி வந்து லைன் சூப்பர்வைசர் ஜெபராணியப் புடிச்சுக்கிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு.

"மிஷினைச் சும்மா நிக்க உட்டுட்டு என்னம்மா பண்றே? நாளன்னைக்கு லைன் வேண்டாம், செக்கிங் டேபிளுக்குப் போயிரு."

"ஒண்ணுகூட நிக்கல முதலாளி, எண்ணிப் பாருங்க."

"அப்ப டிவி பொய் சொல்லுதா?"

எல்லார் முன்னாலயும். அவர் போனதும் நான் எண்ணினேன். பன்னெண்டு, எல்லாம் ஓடுது. டிவியில பதினாலு, ரெண்டு நிக்குதாம்.

ஆவணி 7, வெள்ளி
டிவியில மிஷின் கணக்குக் காட்டற புரோகிராம் எழுதினது அக்கா மக காவ்யா. கோயமுத்தூருக்கு போன்.

"மிஷினை நிறுத்திட்டா டெலிட் பண்ணுனீங்க மாமா?"

"பின்ன? ஓட ஓட சூடம் காட்டுவாங்களா கண்ணு?"

சிரிக்கறா. "லிஸ்ட்டுல இருந்து போயிருச்சுங்க மாமா. கடைசியா 'நிக்குது'ன்னு வந்தது மட்டும் கணக்குல ஒட்டிக்கிச்சு. மிஷினோட சேர்த்து அதையும் எடுக்கணும்னு நான் எழுதாம உட்டுட்டேன்."

நானும் இதையேதான் நினைச்சிருந்தேன். மத்தியானம் சரி பண்ணிட்டா. டிவி பச்சை. மச்சான், "அந்தப் பொண்ணு லைன்லயே இருக்கட்டும், சொல்லிருங்க"ன்னார். அவ்வளவுதான்.

ஆவணி 8, சனி
வெயில். அக்காவுக்குத் தேங்காண்ணெய் வாங்கணும். ஜெபராணிகிட்ட மச்சான் சொன்னதையும் நான் கண்டுபிடிச்ச கதையையும் சொன்னேன், கொஞ்சம் நீட்டித்தான்.

"திட்டுனது எல்லார் முன்னால. இது மட்டும் காதோடயா அண்ணாச்சி?"

ஆபீசுக்குப் போனேன். மச்சானைக் கையப் புடிச்சு இழுக்காத குறை. லைன் முன்னால வந்து நின்னார். "தப்பு எங்க மேலதான்மா."

கேக்கறதுக்குன்னு லைன்ல எல்லாரும் மிஷின்ல இருந்து கையெடுத்துட்டாங்க. ரெண்டாவது லைன் பூராச் சிவப்பு. மச்சான் டிவியைப் பார்த்துட்டு, மறுபடியும் ஜெபராணி பக்கமே திரும்பினார்.