பூசைக்கு முன் ஏறாத கார்

சனிக்கிழமை, இரவு

காரை விற்றவர் ஜெர்மன் மொழியில் சொன்னதை இன்று நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. "அடித்தகடு துருப்பிடித்து உக்கிவிட்டது, உதிரிப்பாகங்களுக்குத்தான் உதவும்" என்றார். எழுபதுகளின் கடைசியில் வந்த அமெரிக்கக் கார். பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்களே அந்தக் காலத்து வண்டிகளை மதிப்பதில்லை. அம்மா இறந்ததிலிருந்து அப்பா தேடியதோ, அம்மா ஆசைப்பட்ட அப்படி ஒன்றைத்தான்.

"என்னவாம் பிள்ளை?"

"வடிவாப் பாக்கட்டாம்."

"ஏறி இருந்தே பாக்கிறது? பூசைக்கு முதல் ஏறமாட்டன். கொம்மா வந்து அடிப்பா."

சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இழுவை வண்டியில் ஊன்ட்றொப்பிலுள்ள அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் சக்கரங்களின் முன் எலுமிச்சம்பழம் வைத்தார். பூசை முடிந்து அப்பா ஏறி உட்கார்ந்ததும் இருக்கை தகட்டோடு கீழே இறங்கியது.

"உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் கிடந்தன.