நான்காவது படத்தில் ஒரு குறி

இதாகா, நவம்பர் 14, 1971

அன்புள்ள லெனோருக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஜெனீவாக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பா கூரை ஓரத்து இலைகளை அள்ள ஏணியில் ஏறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார், சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

உன் கடிதம் கிடைத்தது. எலக்ட்ரானின் காந்த வலிமைக்கு நானும் என்னோடு வேலைபார்த்த ஹார்லனும் இருபது வருஷத்துக்கு முன் போட்ட கணக்கில், கணக்குக்காக வரைந்த படங்களில் நான்காவதில் கழித்தல் வரவேண்டிய இடத்தில் கூட்டல் இருக்கிறது, மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேம்மா என்று கூசிக்கூசி எழுதியிருந்தாய். நானும் நாலு நாள் உட்கார்ந்து போட்டேன். நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னுடையது, அதில் எனக்கு வெட்கமில்லை. வரிக்கு வரி முடிவிலி வந்து நிற்கிற கணக்கு இது. ஒன்றை வைத்து ஒன்றைக் கழித்து அடக்கினால் கடைசியில் துளியூண்டு எண் மிஞ்சும், அதன் முகத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆபீசில் ஆளுக்கொரு அறையில் தனித்தனியாகப் போடுவது, சாப்பாட்டு மேஜையில்கூட அதைப் பேசுவதில்லை, விடையை உறையில் ஒட்டி வைத்து முடிவில் இரண்டு உறைகளையும் சேர்ந்து பிரிப்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனபோது நான் அழுதே விட்டேன். அப்படியானால் என் தப்பு அவன் உறைக்குள் எப்படிப் போனது?

வியாழக்கிழமை பழைய நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அந்த ஒரு படத்தை மட்டும் உன் நோட்டைப் பார்த்து எழுதிட்டேன் அடேல், எனக்கு முடிவிலி அடங்கவே இல்ல, நீ தப்பு விடுவேன்னு யாரு கண்டா என்றான். என் மேஜையை நான் பூட்டியதே இல்லை, அவனிடமா பூட்டுவது? உன் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். அதோடு விட்டானா, ஏப்ரல்ல எனக்கு ஓய்வு விருந்து வருது, திருத்தத்த வெளியிடுறத அதுவரைக்கும் தள்ளிப்போடச் சொல்லேன், லெனோர் நம்ம பொண்ணுதானே என்றான். குடித்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ ஒரு நாளும் தள்ளிப்போடாதே. என் பெயரைப் போட்டே என் குறியைத் திருத்து, அம்மா என்று பார்க்காதே. எங்கள் கட்டுரையில் ‘இருவரும் தனித்தனியே கணக்கிட்டோம்’ என்று ஒரு வரி உண்டு. அதை எழுதியவள் நான், அது பொய் என்று கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு நானே இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். அப்பாவுக்கு வருத்தம்தான், முப்பது வருஷச் சிநேகிதம் போச்சே என்கிறார். அது போய் இருபது வருஷம் ஆகிறது, எனக்குத்தான் இப்போது தெரிந்தது.

கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உன் கணக்கைத் தனியாகப் போட்டுச் சரிபார்ப்பது மத்தியாஸ் என்று எழுதியிருந்தாய். நீ கட்டிக்கொள்ளப்போகிற பிள்ளை, நல்ல பிள்ளைதான். இருந்தாலும் உன் மேஜையைப் பூட்டி வை.

உன் அம்மா,
அடேல்