உன் அப்பாவுக்குப் பக்கத்து இடம்

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது,

சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், காலையில் பட்டறையைத் திறந்து சாயங்காலம் பூட்டுகிறேன், இதற்குப் பெயர்தான் நலம் என்றால் நான் நலம். நீயும் அந்தக் குளிரில் தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், நீ எங்கே உண்மையைச் சொல்கிறாய். நானும்தான் சொல்லவில்லை. போன வாரம் போனில், அப்பாவுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் இருக்கிறதாம்மா என்று கேட்டாய் அல்லவா, லைன் விட்டு விட்டு வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து எனக்கே திருப்பி அனுப்பாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

இடம் இல்லை பாப்பா. கல்லறைத் தோட்டத்தில் எனக்கென்று வாங்கிய இடத்தை உன் அப்பா வேறு ஒரு பொம்பளைக்குக் கொடுத்துவிட்டார்.

பதறாதே, எழுபது தாண்டிய கிழவி. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ்தான். அவர் ஏன் அவளுக்குக் கொடுத்தார் என்று புரிய வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குப் பாதிதான் தெரியும். அந்த ஆஸ்பத்திரிக்கு நம் பட்டறையிலிருந்துதான் மெத்தை போட்டோம். மேலேயும் கீழேயும் நல்ல ஃபோம், நடுவில் வெட்டிக் கழித்த துண்டுகளை அடைத்துத் தைத்துவிடுவது. தொழிலில் பாதிப் பேர் செய்வதுதான், வீட்டில் வாங்கிப் படுக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது, உறுத்தினால் தூக்கத்திலேயே புரண்டு படுத்துக்கொள்வான். ஆஸ்பத்திரியில் படுக்கப்போகிறவன் புரள முடியாதவன் என்பது உன் அப்பாவுக்கு உறைக்கவில்லை. கொஞ்ச நாளில் நர்ஸ் ஆள் அனுப்பினாள். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று இவரும் நான்கு பதில்களைத் தயார் செய்துகொண்டு போனார். அவள் மெத்தையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். கையைக் கழுவிவிட்டு வாங்க, இந்தப் பெரியவரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்க, மருந்து வைக்க வேண்டும் என்றாளாம். இவர் பிடித்திருக்கிறார். நடுவில் துண்டோடு துண்டு சேருகிற இடமெல்லாம் அந்த முதுகில் புண்ணாக இருந்ததாம், இது எந்த வாரம் தைத்த மெத்தை என்று தன்னால் சொல்ல முடிந்தது என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு வந்தவர் கட்டிலில் ஏறவில்லை, வெறும் தரையில் படுத்தார். மறுநாளே எல்லா மெத்தையையும் திருப்பிக் கொண்டுவந்து, கட்டிங் மாஸ்டரை உட்கார வைத்துப் பிரித்துப் போட்டு, புதிதாகத் தைத்துக் கொடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால் நல்ல மனுஷன் என்று நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். வாராவாரம் போக ஆரம்பித்தார். புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் இவர். வேலை தொடங்குமுன் நர்ஸ் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாளாம், இவர் சும்மா நிற்பாராம், பிறகு இவரும் கண்ணை மூடினாராம், பிறகு ஒரு நாள் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்து நின்றார். நான் என்ன ஆட்டம் ஆடினேன் என்று உனக்கே தெரியும். உன் மாமா ஆர்டருக்காக மதம் மாறினவன் என்று தெருவில் நின்று பேசினார். நான் பல நாள் வாயைத் திறக்காமல் சைகையிலேயே குடும்பம் நடத்தினேன். அவர் ஒரு தடவைகூட என்னைச் சபைக்கு வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கடைசியில் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, எதிர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பேன். வெளியே வந்ததும் பாட்டு கேட்டதா என்பார், உங்கள் சுருதி மட்டும் தனியாகக் கேட்டது என்பேன். சிரித்துக்கொண்டே பின்னால் ஏறிக்கொள்வார்.

கொடுப்பதும் அப்போதுதான் ஆரம்பித்தது. பத்து மெத்தை தைத்தால் பத்தாவது மிஷனுக்கு. மட்டமாக ஒன்றைப் பார்த்துத் தள்ளிவிடக் கூடாது, தையல் மிஷினிலிருந்து பத்தாவதாக எது இறங்குகிறதோ அதுவே போக வேண்டும். ஒரு கல்யாண ஜோடிக்கென்று பட்டு உறை போட்டுத் தைத்தது பத்தாவதாக இறங்கிவிட்டது. கட்டிங் மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு, முதலாளி, உங்க கடவுள் ஒண்ணு விட்டு எண்ண மாட்டாரா என்று கேட்டார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், ஆனால் பட்டு மெத்தை மிஷனுக்குத்தான் போனது. கை கால் வராத ஒரு பையன் அதில் ராஜா மாதிரி படுத்திருந்தானாம். அப்புறம் நம் வேனைக் கொடுத்தார், மேல்மாடியை மிஷன்காரர்கள் வந்தால் தங்குவதற்குக் கொடுத்தார். நானும் முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் கொடுத்ததற்கு எனக்கு வருத்தமே இல்லை. கல்லறை இடம்தான். அவர் இரண்டு இடமாகத்தான் வாங்கினார், ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் அங்கே இடம் என்று சபையில் விதி இருப்பது தெரிந்தும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கினார். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். நான் உன்னைப் பார்க்க அங்கே வந்திருந்தேனே, அந்தச் சமயத்தில் நர்ஸ் செத்துப்போயிருக்கிறாள். அவளுக்கென்று யாரும் இல்லை. நான் திரும்பி வந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னார், எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரை அடக்கம் பண்ணின அன்று கூட்டத்தில் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. மறுநாள் தனியாகப் போனேன், அவள் பெயர் போட்ட கல் பக்கத்தில் நிற்கிறது.

நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மனுஷன் தண்ணீர் கொடுத்தார், ஃபேன் போட்டார், சுற்றி வளைத்தார். என் முகத்தைப் பார்த்துப் பயந்தோ என்னவோ கடைசியில் சொல்லிவிட்டார். இடத்தை நர்ஸுக்குக் கொடுத்தபோது அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, என் பொண்டாட்டிக்கு என்கூடவே இருக்கணும். அந்த இடம் சும்மா கிடந்தா, அதுக்காகவே ஒரு நாள் தண்ணியில இறங்கி நம்புறேன்னு சொல்லிடுவா. இதுவரைக்கும் அவ என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. என்னால சொல்ல வேணாம்."

இதைக் கேட்டு எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மெத்தை அவருடையது, வேன் அவருடையது, இது என்னுடையது, என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா. அவர் சொன்னது தப்பு என்றால் போய் நின்று கத்திவிட்டு வந்திருப்பேன். தப்பு இல்லையே. இறங்கியிருப்பேன் பாப்பா. என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன். என்னை எனக்கு முன்னாடியே தெரிந்துவைத்திருந்த ஆளோடு எப்படிச் சண்டை போடுவது, அதுவும் அவர் பதில் சொல்லாத இடத்தில்.

பாஸ்டர் நல்லவர், விதி அவர் எழுதியது இல்லை. அப்பாவின் கால்மாட்டில் நடைபாதையை ஒட்டி ஒரு ஆள் இடம் இருக்கிறது, நீங்கள் ஞானஸ்நானம் எடுத்தால் அதைத் தரச் சொல்லிச் சபையில் பேசுகிறேன் என்றார். நீயும் போன வாரம் நான் போனை வைப்பதற்கு முன்னால், ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னா தலையை ஆட்டிட்டுப் போயேன்மா, ஒரு வார்த்தைதானே என்றாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். விருப்பம் உள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று பாஸ்டர் சொன்னபோது முன் பெஞ்சைப் பிடித்துப் பாதி எழுந்துவிட்டேன். உன் அப்பா எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாலும் அந்த வார்த்தை வரவில்லை, கேட்கமாட்டார், போய்விட்டார் என்று நினைத்தாலும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா முழங்கால் வலியா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அந்தப் பொய்யை யார் கணக்கில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

வெளியே வந்து இரண்டு கல்லையும் துடைத்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, நர்ஸ் கல்லில் பறவை எச்சம் வேறு. யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு அவளிடம், அவர் போர்வையை மொத்தமாக இழுத்துக்கொள்வார், விட்டுக்கொடுக்காதீங்க என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன். அவர் போன பிறகு முழுசாக அழுதது அன்றைக்குத்தான்.

மற்றபடி இங்கே எல்லாம் ஓடுகிறது. கட்டிங் மாஸ்டருக்குக் கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமாக்காரர் மாதிரி திரிகிறார். பத்தாவது மெத்தை இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நம்பாத சாமிக்கு நீ ஏன் அள்ளிக் கொடுக்கிறாய் என்று உன் மாமா வந்து குதித்தார். புரள முடியாதவன் முதுகுக்கு எந்தச் சாமி அண்ணா என்று கேட்டேன், எழுந்து போய்விட்டார். நீ பணம் அனுப்பாதே, அந்தக் காசில் நல்ல ஷூ வாங்கு. உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய், வருகிறேன், இப்போது இல்லை. தினமும் ஒரு பையன் உன்னை வீடுவரை கொண்டுவந்து விடுகிறான் என்றாயே, அவன் பெயரைக்கூடச் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டாய், அவன் பேசுவது உண்மையா என்று மட்டும் பார், வேறு எதையும் நான் கேட்கமாட்டேன்.

நீ நல்லாயிருக்க வேண்டும் என்று என் சாமியிடம் நான் கேட்கிறேன், அவருடைய ஆண்டவரிடம் அவர் எப்படியும் கேட்டுக்கொண்டிருப்பார், இரண்டு பேரில் யாராவது உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாளைக்கு நான் நினைவில்லாமல் கிடந்தால், பாவம், புருஷன் பக்கத்தில் போகட்டும் என்று இரக்கப்பட்டு யாராவது என் தலையில் தண்ணீர் தெளிக்க வருவார்கள். நீ குறுக்கே நில். எங்கள் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று சொல். பிறகு என்னை எங்கே வேண்டுமானாலும் வை. எனக்கு இது சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதே, சம்மதம் இல்லை, அவர் பக்கத்தில்தான் எனக்கு இருக்க வேண்டும். ஆனாலும் எனக்காக நீ அதைச் சொல்லிவிடாதே.

கட்டில் முழுவதும் காலியாகக் கிடந்தும் இன்னும் சுவரோரமாகவே படுக்கிற
உன் அம்மா