அக்கி என்று நினைத்துவிட்டோம்

செவ்வாய்க்கிழமை மதியம்

அன்பு மகள் முனீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இதை எழுதுகிற இந்த நேரத்தில் கவிநிலா நலம். வாசலில் என் கண்ணெதிரே உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி வருவதைப் படிக்கும்போது மனசு பதறினால் மேலே வந்து இந்த வரியை இன்னொரு தரம் பார்த்துக்கொள். உன் அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கும் நோய் நொடி கிடையாது, ஆனாலும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நல்லபடியாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது மாமா எதற்கு மூன்று தாள் எழுதுகிறார் என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். போனில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அழுவாள், நான் பாதியை முழுங்கிவிடுவேன். எழுதி முடித்ததும் பாளையம்பட்டி ஜெராக்ஸ் கடைத் தங்கமாரியிடம் கொடுத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். படிக்காமல் அனுப்பு தாயி என்றுதான் சொல்லப் போகிறேன், அவள் படிக்காமல் விட மாட்டாள், போகட்டும். சின்னவனுக்கு மூக்கடைப்பு என்று நீ சொன்னது மனசிலேயே கிடக்கிறது. உன் அம்மா ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி மோந்து பார்க்க வைக்கச் சொல்கிறாள். நாலு மாதப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லி நீ எந்தக் கைவைத்தியமும் செய்ய வேண்டாம், அங்கே டாக்டரிடமே காட்டு. இதைச் சொல்வது அப்பாதானா என்று உனக்குச் சந்தேகம் வரும். விஷயத்துக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு வந்த நீங்கள் பெரியவள் கவிநிலாவை எங்களிடம் விட்டுப் போனதிலிருந்து கூடாரம் கூடாரம் என்று அவளுக்கு ஒரே நச்சரிப்பு. நார்வேயில் கோடை லீவில் ஏரிக்கரையில் டென்ட் அடித்துத் தங்கினீர்களே, அதை நினைத்துக்கொண்டு விடிந்தால், தாத்தா நாம எப்பக் கேம்பிங் போவோம் என்று கேட்பாள். கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஆசை வந்துவிட்டது. கண்மாய்க் கரையை ஒட்டிய நம் புஞ்சையில், இந்த வருஷ மழைக்குப் புல்லும் செடியும் முழங்கால் அளவுக்கு நின்றது, அங்கே போய் உன் அம்மாவின் பழைய சேலை இரண்டைக் கருவேல மரத்துக் கிளையில் கட்டி, அடியில் கல்லை வைத்து, சாக்கை விரித்துக் கொடுத்தேன். காலையிலிருந்து வெயில் தாழும்வரை அந்தப் பிள்ளை அதற்குள் குப்புறப் படுப்பதும் உருளுவதும் புல்லுக்குள் ஓடி ஒளிவதுமாக இருந்தது. தூக்குச்சட்டியில் கொண்டுபோன தக்காளிச் சாதத்தை ஊட்டிவிடாமலே தின்றாள். இதுதான் தாத்தா நல்ல டென்ட், இதுக்கு ஜிப்பே இல்ல என்று சொன்னாள். எலெக்‌ஷனில் ஜெயித்தவன் மாதிரி நான் வீட்டுக்கு வந்தேன். அந்தப் போட்டோவை உனக்கு அனுப்பினேன், நீயும் வரிசையாக இதயம் போட்டாய். இப்போது அந்தப் போட்டோவை என்னால் பார்க்க முடியவில்லை.

பத்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. இடது கக்கத்தில் சிவப்பாக ஒரு வட்டமும் நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கும் இருந்ததை உன் அம்மா குளிப்பாட்டும்போது பார்த்திருக்கிறாள். இது அக்கி, சூட்டுக்கு வந்திருக்கு, வேளாரிடம் போய்க் காவியால் எழுதிவிட்டு வந்தால் காய்ச்சலும் இறங்கிவிடும் என்றாள். உனக்கும் ஏழு வயதில் முதுகில் அக்கி வந்து எழுதித்தான் சரியானது, நீ மறந்திருப்பாய். அன்று சாயங்காலமே டிவிஎஸ்ஸில் முன்னால் உட்கார வைத்து பானை வனையும் இருளப்பசாமி வேளாரிடம் கூட்டிப் போனேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பார்த்ததுமே யோசித்தார். அக்கின்னா கொப்புளம் கூட்டமா வரும்யா, இது ஒத்தையால்ல இருக்கு, எதுக்கும் டவுனு ஆஸ்பத்திரியில காட்டிருங்க என்று வாய்விட்டுச் சொன்னார். நான்தான், நீங்க எழுதுங்க வேளாரே, ஒண்ணும் செய்யாது என்றேன். பெரிய மனுஷன் சொல்லும்போது அவர் என்ன செய்வார். காவிக்கல்லை உரைத்துக் கோழி இறகால் தொட்டு அந்த இடம் முழுக்க எழுதி விட்டார். மூன்று நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது என்பது உனக்குத் தெரியும்.

மறுநாளும் காய்ச்சல் இறங்காததால் டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினேன், அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. அங்கே இருந்த நர்ஸ் பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டு, இதென்ன சிவப்பா என்று பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தது. நான் அதன் கையைப் பிடித்துத் தடுத்தேன் முனீஸ்வரி. அக்கி எழுதிருக்கு, துடைக்கக்கூடாதும்மா என்றேன். நம் பக்கமிருந்து இப்படி எத்தனை பேர் வருவார்களோ, அந்தப் பிள்ளையும் விட்டுவிட்டது. டாக்டர் மழைக்காலத்துக் காய்ச்சல்தான் என்று சிரப் எழுதிக் கொடுத்தார். பார்க்க விடாதவன் நான், அவரை என்ன சொல்ல.

காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் காலையில் பிள்ளையால் தலையைத் தூக்க முடியவில்லை. வயிறு உப்பி, மூச்சு வேகமாக, கூப்பிட்டால் கண்ணை மட்டும் லேசாகத் திறந்து மூடினாள். பக்கத்துத் தெரு நல்லமுத்துவின் காரில் மதுரைக்குப் போனோம், காரியாபட்டி தாண்டும்வரை உன் அம்மா பிள்ளையின் நெஞ்சில் வைத்த கையை எடுக்கவில்லை, நான் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி, மூச்சு இருக்கா மூச்சு இருக்கா என்று கேட்டதில் நல்லமுத்து, சும்மா வா மாமா என்று அதட்டினான். பெரிய ஆஸ்பத்திரியில் வயதான ஒரு நர்ஸம்மா, சட்டையில் சுந்தராம்பாள் என்று பெயர் குத்தியிருந்தது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரப் பஞ்சால் காவியை ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டது. பீடியால் சுட்ட மாதிரி வட்டமாகக் கறுப்பாக இருந்தது. டாக்டர் என் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குச் சூடு வச்சீங்களா, உண்மையைச் சொல்லுங்க என்றார். இத்தனை வயதில் என்னை ஒருத்தர் அப்படிக் கேட்டதில்லை. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு அவரே குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, புல்லுக்குள்ள, புதருக்குள்ள விளையாடுனாளா என்று கேட்டார். அது உண்ணிக் காய்ச்சலாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவதாம், கடித்த இடத்தில் அந்தப் பொருக்கு வருமாம். அதைப் பார்த்துவிட்டால் டாக்டர்களுக்குச் சந்தேகம் தட்டிவிடுமாம். அதன் மேல்தான் நாங்கள் காவியைப் பூசி வைத்திருந்தோம்.

இரண்டு நாள் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து எந்த நர்ஸ் வந்தாலும் எனக்குத்தான் ஏதோ சொல்ல வருகிறது என்று எழுந்து நின்றுவிடுவேன். ஒவ்வொரு தரமும் அது வேறு யாருக்கோ. பிழைப்பாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, டாக்டரும் தானாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. தண்ணி வேணும் என்று கேட்டாளாம், அதைச் சொல்ல வந்த நர்ஸம்மா முன்னால் நான் அழுதுவிட்டேன். நேற்றுத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ரத்தமெல்லாம் பார்த்துவிட்டார்கள், பயமில்லை என்று சீட்டில் எழுதியே கொடுத்தார்கள், அதையும் இத்துடன் படம் எடுத்து அனுப்புகிறேன். எனக்கு அந்தச் சீட்டு போதவில்லை. அவள் உறங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். கொசு கடித்த தடத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். புஞ்சைப் பக்கம் போக எனக்கே பயமாக இருக்கிறது, கொத்தமல்லி பூத்துக் கிடக்கிறது, களை எடுக்க ஆள் விடவில்லை.

இத்தனை நாளும் நீ கூப்பிட்டபோது பாப்பா தூங்குறா, கோயிலுக்குப் போயிருக்கா, சிக்னல் இல்ல என்று உன் அம்மா சொன்னதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நீ பதறுவாய் என்பதால் மறைத்தோம் என்று அவளிடம் சொன்னேன், உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜூனில் பாப்பாவை இங்கேயே எல்.கே.ஜி. சேர்க்கிறோம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம், நீயும் அரை மனசாகச் சரி என்றாய். தெரிந்தால் நீ திட்டக்கூட மாட்டாய், பேசாமல் டிக்கெட் போட்டு வந்து கூட்டிப் போய்விடுவாய் என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். பாப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருந்தாள், ஊசிக் குழாயை இன்னும் எடுக்கவில்லை. சத்தியமாக நாங்கள் அவளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் முகம் தெரிந்ததும் அவளாகவே அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். என்ன செல்லம் பண்ற என்று நீ கேட்டதற்கு, நல்லாருக்கேம்மா, நல்லமுத்து மாமா வீட்டுக்கு வந்திருக்கோம் என்றாள். நீயும் சிரித்துவிட்டு வைத்தாய். வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, கரெக்டா சொன்னேனா தாத்தா என்று கேட்டாள். நாலு வயதுப் பிள்ளை. அவள் கண் திறக்காமல் கிடந்த அன்றுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. இனி நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி தாயி, கூட்டிப் போனாலும் நாங்கள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நூறு வருஷம் நோயில்லாமல் இருக்க வேண்டும். கோடையில் டென்டுக்குப் போனால் திரும்பியதும் காது மடல், கக்கம், தொடை இடுக்கு என்று உடம்பு முழுக்கப் பார். மறக்காமல் இன்னொன்று. இனிமேல் போனில் அவள் நல்லாருக்கேன் என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதே, இரண்டு கையையும் காட்டச் சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
ஐயாத்துரை