காற்றடைத்த ரேடியேட்டர்

டுலூத், ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அங்கே மெய்னில் பனி கொட்டுகிறதாமே, நீங்களே அள்ளப் போகாதீர்கள். நான் சுகம்.

என் ஹவுஸ் ஓனர் வெண்டல் ஸ்ட்ராண்டின் மூளையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். என் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கீழே கொதித்தது, மேலே சில்லிட்டுக் கிடந்தது. உள்ளே களகளவென்று சத்தம் வேறு. மேலே காற்று அடைத்துக்கொண்டால் சுடுநீர் எப்படி ஏறும்? நம் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இந்த மேதையோ பாய்லரின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனார்.

நானே குறடால், காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தினேன். உஸ்ஸென்று சத்தம் வந்ததுதான் தாமதம், வெண்டல் "ஐயோ, கேஸ் லீக்காகுது! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று அலறி, தீயணைப்பு வண்டியை வரவழைத்துவிட்டார். பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. வண்டியில் வந்தவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறும் காத்துதான் சார். உங்க தலைக்குள்ள இருக்கிற அதே சரக்கு," என்றார். தெருவே சிரித்தது. வெண்டலும் சிரித்தார், புரியாமல்.

உங்களிடம் இருக்கும் பித்தளைத் திருகுசாவியை அனுப்புங்கள், குறடு வழுக்குகிறது. உங்கள் பழைய கம்பளிக் காலுறையில் சுற்றி அனுப்பினால் போதும். துவைக்க வேண்டாம்.

தபால்காரர் வாசலுக்கு வந்துவிட்டார், முடிக்கிறேன். அறை இப்போது நன்றாகச் சுடுகிறது. சத்தமும் நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்தால், அந்தச் சனியன் ஒன்றுதான் என்னோடு களகளவென்று ஏதாவது பேசிக்கொண்டிருந்தது.

உங்கள் மகள்,
கொரின்